பேயார் கேட்டு வாங்கிய வடிவம்: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவினருக்கும், அறுபத்து மூவருக்குப் புதுத் திருமேனி செய்யக் கிளம்பியிருக்கும் மற்ற ஊர்க் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் இந்த மடலில் எழுதவில்லை. யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கம் இல்லை. மழை பெய்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற திருச்சுற்றை நீங்கள் சீர்செய்து தளம் போட்டதை நான் தினமும் பார்த்தவள். வௌவால் நாற்றம் இல்லாமல் இப்போது பிராகாரம் சுற்றி வர முடிகிறது. வெயிலில் நின்று வீடு வீடாக நிதி கேட்டவர்கள் நீங்கள். உங்கள் உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான், பேயார் என்றும் பெயர் பெற்ற காரைக்கால் அம்மையாரின் புதுத் திருமேனி பற்றி மற்ற இடத்தில் சொல்லாமல் உங்களிடமே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. புதுத் திருமேனிகளைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்திருந்தீர்கள். நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பர் தோளில் உழவாரப்படை, கண்ணப்பர் கண்ணருகே அம்பு, சம்பந்தர் கையில் தாளம். எல்லாம் சரியாக இருந்தது. காரைக்கால் அம்மையார் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தேன். அவரைக் காணவில்லை. பீடத்தில் வெட்டியிருந்த பெயரைப் படித்த பிறகுதான் அவர் என்று தெரிந்தது.

நின்ற கோலத்தில் ஓர் இளம்பெண். வட்ட முகம், மூக்குத்தி, கொசுவம் வைத்த புடவை, கையில் இரண்டு மாம்பழம் வைத்த தட்டு. வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. விரல்கள் அழகு. ஆனால் அது வேறு யாரோ.

பழைய அம்மையார் எங்கே என்று தேடினேன். நந்தவனச் சுவரோரம், உடைந்த கற்களுக்கு நடுவே, முகம் மண்ணில் படக் கிடந்தார். இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது, அந்தக் கையில் இருந்த தாளமும் போய்விட்டது. அது பல வருடங்களுக்கு முன்பே நடந்தது, உங்கள் குற்றம் இல்லை. பின்னமான திருமேனியைப் பூசையில் வைப்பதில்லை என்ற வழக்கத்தையும் நான் மதிக்கிறேன். புதிது செய்தது தவறு என்று சொல்லவே இல்லை. செய்தது அவரையா என்பதுதான் என் கேள்வி.

நான் 26 வருடம் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருடம் ஒரு தடவை இந்தத் திருச்சுற்றுக்குக் கூட்டிவந்து, பிடித்த ஒரு சிலையின் முன்னால் உட்காரவைத்து வரையச் சொல்வேன். நாயன்மார் வரிசையில் பெரும்பாலானவர்கள் கைகூப்பி நிற்பார்கள். எந்தப் பிள்ளை யாரை வரைந்தாலும் ஒன்றுபோலவே வரும். அம்மையார் முன்னால் மட்டும் எப்போதும் கூட்டம் இருக்கும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கழுத்தெலும்புக்கு மேலே பள்ளம். முழங்கால் முட்டி துருத்திக்கொண்டு நிற்கும். நிழல் விழும் இடமெல்லாம் பென்சிலுக்கு வேலை. ஒரு வருடம் ஒரு பிள்ளை வரைவதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இவங்க ஏன் சிரிக்கிறாங்க?"

ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை நேரே பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். எலும்பும் தோலுமான உடம்பில், கன்னம் ஒட்டிப்போன முகத்தில், அப்படி ஒரு நிறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் பெரியபுராணத்தை ஒழுங்காகப் படிக்கவே ஆரம்பித்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும். காரைக்காலில் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். மீந்த ஒன்றைத் தின்ற கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை நினைத்ததும் கையில் ஒரு கனி வருகிறது. சுவை வேறாக இருக்கிறதே என்று கேட்ட கணவனிடம் நடந்ததைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை, இன்னொன்று வரவழைத்துக் காட்டச் சொல்கிறான். வந்ததைப் பார்த்து நடுங்கிப்போய், வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பல் ஏறிவிடுகிறான். பாண்டிநாட்டில் வேறு திருமணம் செய்துகொண்டு, பிறந்த பெண்குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரும் வைக்கிறான். உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் அங்கே கூட்டிப்போய் நிறுத்தும்போது, மனைவி மகளோடு வந்து அவர் காலில் விழுகிறான். மானுடப் பெண் அல்ல, தெய்வம் என்கிறான்.

இந்த இடத்தில்தான் நம் சிலை பிறக்கிறது. அம்மையார் அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. இறைவனிடம் ஒன்று கேட்கிறார். சேக்கிழார் வாக்கை அப்படியே தருகிறேன்:

"ஈங்கிவன் குறித்த கொள்கை
இதுஇனி இவனுக்காகத்
தாங்கிய வனப்பு நின்ற
தசைப்பொதி கழித்துஇங்கு உன்பால்
ஆங்குநின் தாள்கள் போற்றும்
பேய்வடிவு அடியேனுக்குப்
பாங்குற வேண்டும்"

"இவனுக்காகத் தாங்கிய வனப்பு." இந்த மூன்று சொல்லை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அழகு என்பது அவர் இத்தனை நாள் ஒருவனுக்காகச் சுமந்த சுமை. அந்தச் சதைப் பொதியை இனி யாருக்காகச் சுமக்க வேண்டும்? கழற்றி வாங்கிக்கொள் என்கிறார். கேட்டது கிடைக்கிறது. "ஊனடை வனப்பை எல்லாம் உதறி எற்புடம்பே" ஆகிறார். எற்பு என்றால் எலும்பு. அடுத்த அடியையும் பாருங்கள்: "வானமும் மண்ணும் எல்லாம் வணங்கு பேய்வடிவம் ஆனார்." வானும் மண்ணும் வணங்குகிற பேய்வடிவம் என்கிறார் சேக்கிழார். அதை மறைக்க வேண்டிய வடிவமாக அவர் எழுதவே இல்லை.

அம்மையார் கழற்றிப்போட்டதைக் கல்லில் செதுக்கி அவருக்கே மறுபடி மாட்டிவிட்டோம். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

உங்களில் மூத்தவர் ஒருவரிடம் அன்றைக்கே கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "குழந்தைகள் பயப்படும் அம்மா. கல்யாணம் நடக்கிற கோயில், மங்கலமாக இருக்க வேண்டாமா? அதுவும் பெண் உருவம், மேலாடை இல்லாமல் இருந்தது" என்றார். அந்தத் திருமேனிக்கு உபயம் கொடுத்தவர் தன் தாயார் நினைவாகச் செய்கிறார், முகம் லட்சணமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும் சொன்னார். இதில் எதையும் நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் பயம். அம்மையாரைப் பார்த்துப் பயந்தவர்கள் அப்போதே இருந்தார்கள். பெற்றவர் வீட்டு உறவே "தொழுது அஞ்சி அகன்று" போனதாகச் சேக்கிழார் சொல்கிறார். கயிலைக்குப் போகும் வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்களாம். அதற்கு அம்மையார் சொன்ன பதிலும் அங்கேயே இருக்கிறது: "அண்டநாயகனார் என்னை அறிவரேல் அறியா வாய்மை எண்டிசை மாக்களுக்கு யான் எவ்வுருவாய் என்?" அவன் என்னை அறிந்தால் போதும், உண்மை தெரியாத மற்றவர்களுக்கு நான் எப்படித் தெரிந்தால் என்ன? பார்ப்பவர் பயப்படுவார்களே என்று கவலைப்பட்டு முகத்தை மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை. அவருடைய சார்பில் நாம் அந்தக் கவலையைப் படுவது நியாயமா?

குழந்தைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் பேய்கள் நிறைய வருகின்றன. ஒரு பேய் கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பிணம் எரிந்த கொள்ளியை எடுத்து மசித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. இன்னொரு பாட்டில் ஒரு தாய்ப் பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்துச் சீராக வளர்க்கிறது. "புழுதி துடைத்து முலைகொடுத்துப் போயின தாயை வரவுகாணாது அழுதுறங்கும்" என்று அந்தப் பேய்க்குழந்தையைப் பாடுகிறார். மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுத்துப் போன அம்மா திரும்பி வரக் காணாமல் அழுது அழுது தூங்கிப்போகிற குழந்தை. சுடுகாட்டின் நடுவில் நின்று இப்படிப் பார்த்தவர் அவர். இந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் நான் வரையச் சொல்வேன். 26 வருடத்தில் ஒரு பிள்ளையும் பயந்து அழுது நான் பார்க்கவில்லை.

நாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிருங்கி முனிவர் எலும்புக்கூடாகத்தான் மூன்று காலோடு தூணில் நிற்கிறார். அவருக்குச் சதை வைக்க யாரும் நினைத்ததில்லை. ஔவையார் தன் இளமையை வேண்டாம் என்று விநாயகரிடம் கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டார் என்று கதை சொல்கிறோம். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைத்த ஔவை சிலையும் கையில் கோல் பிடித்த கிழவிதான். அவரைக் குமரியாகச் செய்து வைத்தால் ஊரே கேட்டிருக்கும். அம்மையார் விஷயத்தில் மட்டும் ஏன் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை?

அடுத்தது மங்கலம். அம்மையார் தன் பாடல்களில் தன்னைப் புனிதவதி என்று ஓர் இடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை. பதிகம் முடியும் இடத்தில் "செடிதலைக் காரைக்காற்பேய்" என்கிறார். இன்னொரு பதிகத்தில் "கனல்வாய் எயிற்றுக் காரைக்காற்பேய்" என்கிறார். அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாவையும் பாடி முடித்து, இது "காரைக்காற் பேய்சொல்" என்று ஒப்பம் வைக்கிறார். அவர் கையெழுத்தே அதுதான். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு வரும்போது அவரை எந்தப் பெயரால் அழைத்தார்? "பேயார்க்கும் அடியேன்" என்றார். சுந்தரர் வாயில் மங்கலமாக இருந்த பெயர் நம் கோயிலில் அமங்கலம் ஆகிவிடுமா?

கயிலையில் உமையம்மையும் அந்தப் பேய்வடிவத்தைக் கண்டார். தலையால் நடந்து ஏறி வரும் அந்த எலும்புடம்பின் அன்பை வியந்து இறைவனிடம் கேட்கிறார். இறைவன் சொன்ன பதில்: "வரும்இவள் நம்மைப் பேணும் அம்மைகாண் உமையே! மற்றுஇப் பெருமைசேர் வடிவும் வேண்டிப் பெற்றனள்." பெருமைசேர் வடிவு. வேண்டிப் பெற்றனள். இந்த இரண்டையும் இறைவன் வாக்காகவே சேக்கிழார் வைக்கிறார். அதற்குப் பிறகுதான் உலகறிந்த "அம்மையே" என்ற அழைப்பு. தாயும் தந்தையும் இல்லாதவன் ஒருத்தியைத் தாய் என்று அழைக்கிறான். எந்த உருவத்தில் இருந்தவளை அப்படி அழைத்தான் என்பதை மறந்துவிட்டால் அந்த ஒரு சொல்லின் கனமே போய்விடுகிறது.

அந்த அழைப்பை ஒட்டித்தான் நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இறைவனுக்கே தாய், அதனால் அமர்ந்த கோலம். புதுத் திருமேனியில் அவரையும் நிற்கவைத்துவிட்டீர்கள். அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மேலாடை பற்றி. இதில் எனக்கும் தயக்கம் இருந்தது. பெண் உடம்பை எப்படிக் காட்டுவது என்று கவலைப்படுவது நல்ல மனசுதான். ஆனால் அம்மையார் பதிகத்தின் முதல் பாட்டே "கொங்கை திரங்கி நரம்பு எழுந்து குண்டுகண் வெண்பல் குழிவயிற்று" என்று ஆரம்பிக்கிறது. வற்றிப்போன மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெளுத்த பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர், உயர்ந்த பரடு, நீண்ட கணைக்கால். ஒரு பெண் பெண்ணுடம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக, வெட்கமும் இல்லாமல், யாரையும் மயக்கும் நோக்கமும் இல்லாமல், 1,400 வருடத்துக்கு முன்பே பாடிவிட்டார். பழைய ஸ்தபதிகள் அந்த வரியைத்தான் கல்லில் எழுதினார்கள். இடையில் ஒரு துண்டு ஆடை உண்டு. மற்றபடி அந்த உடம்பை மூடாமல் விட்டார்கள். கண்ணியக் குறைவாக அதில் ஒன்றும் இல்லை. பூசைக்கு வேண்டுமானால் ஒரு வெள்ளைத் துணி சாத்துங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. துணியை எடுக்க முடியும், கல்லில் வைத்த சதையை எடுக்க முடியாது.

பழையவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை நேரில் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். முதலாம் இராஜேந்திரன் எடுப்பித்த அந்தப் பெரிய விமானத்தின் தென்புறச் சுவரில் ஆடல்வல்லான் கோட்டம், அதாவது ஆடும் சிவனைச் செதுக்கிய மாடம், இருக்கிறது. ஆடும் இறைவனின் காலடியில் சின்னதாக ஓர் உருவம், கையில் தாளம், வற்றிய உடம்பு. அவர்தான். பேரரசன் கட்டிய கோயில் அது. செதுக்கும் கைக்கு அங்கே குறைவு இல்லை, அழகான தேவியர் உருவம் எத்தனையோ அதே சுவர்களில் இருக்கிறது. அதே உளிதான் இவருக்கு மட்டும் சதையை விட்டுவிட்டு எலும்பைச் செதுக்கியது. நான் முதல் தடவை போனபோது வெயில் சாய்ந்து, விலா எலும்புகளுக்கு இடையில் நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அந்த இடம் அவருக்குக் கிடைத்ததும் அவர் கேட்டதால்தான்: "அறவா நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க." பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும் என்று கேட்டவர், அதற்கும் மேலே கேட்ட வரம் அது. சோழச் சிற்பிகள் அந்த வேண்டுதலை அளவெடுத்தது போலக் கல்லில் நிறைவேற்றி வைத்தார்கள்.

கடல் தாண்டியும் போயிருக்கிறார். கம்போடியாவில் பன்தே ஸ்ரே என்ற சிவன் கோயில் இருக்கிறது. 967இல் குடமுழுக்கு கண்டது. சிவப்புக் கலந்த மணற்கல்லில் மரவேலை போல நுணுக்கமாகச் செதுக்கிய கோயில். அங்கே வாயில் ஒன்றின் மேல் முகப்பில் ஆடும் சிவனும், கீழே வற்றிய மார்போடு ஒரு பெண்ணும் உண்டு. அது காரைக்கால் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ் தெரியாத கெமர் சிற்பிக்கும் அந்த எலும்பு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது இல்லை என்றால் அவரை யாரும் அங்கே கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அமெரிக்காவில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், கான்சாஸ் நகரில் உள்ள நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனியாக அம்மையார் இருக்கிறார். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் உட்கார்ந்து தாளம் போடுகிறார். தோள் குச்சியாக இருக்கிறது. முகத்தில் நம் ஊர் அம்மையாரிடம் அந்தப் பிள்ளை பார்த்த அதே மகிழ்ச்சி. அவ்வளவு தூரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அம்மையாரை அயல்நாட்டு மக்கள் நின்று பார்க்கிறார்கள். அவர் பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடிய நாம் அவரைச் சுவரோரம் குப்புறப் போட்டிருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது.

ஸ்தபதிகளிடம் ஒரு வார்த்தை. சதைப்பிடிப்பான உருவத்தைவிட வற்றிய உருவம் செய்வது கடினம் என்பது வரைந்து பழகிய எனக்குத் தெரியும். முக நீளத்தை அளவாகக் கொண்ட தாலக் கணக்கில் அங்கங்களின் நீளம் கிடைத்துவிடும். ஆனால் தோலுக்கு அடியில் எலும்பு எங்கே மேலே வரும், எங்கே உள்ளே போகும் என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். விலா எலும்பை வெறும் கோடாகக் கீறிவிட்டால் சலவைப் பலகை போல ஆகிவிடும். அது மூச்சோடு விரிந்து நிற்க வேண்டும், ஏனென்றால் அவர் பாடிக்கொண்டிருக்கிறார். மெழுகில் செய்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இத்தனை வேலைக்குக் கூலி கூடுதலாகக் கேளுங்கள், கேட்பதுதான் முறை. எளிது என்பதற்காக ஒரே அச்சில் 63 பேரையும் வார்த்துவிட வேண்டாம்.

உபயம் கொடுத்தவரை எனக்குத் தெரியாது. அவர் இதைப் படித்தால் அவரிடம் தனியாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. என் அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். உடம்பில் எலும்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பின் கணுக்கள் என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அந்த நாட்களில் அம்மாவின் பழைய கல்யாணப் போட்டோவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்த அம்மாதான் அம்மா. ஒரு மாலை கோயிலுக்கு வந்து அம்மையார் முன்னால் நின்றபோது, கல்லில் அந்த முதுகையும் அந்தக் கழுத்தையும் பார்த்தேன். ஒரு கோயிலில், தெய்வங்களுக்கு நடுவில், என் அம்மாவின் உடம்பு போல ஓர் உடம்பு பூவோடும் விளக்கோடும் உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஆறுதலை வேறு எந்த அழகான முகமும் கொடுத்திருக்காது. உங்கள் தாயார் நினைவாக நீங்கள் செய்வது அம்மையார் திருமேனி. எலும்பாகவே அமர்ந்திருக்கும் அந்த அம்மை உங்கள் தாயாருக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டார்.

இளமைக் கோலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரைக்காலில் ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. அதில் புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் உண்டு. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் மழையாக விழும். அங்கே அவர் மணப்பெண்தான். கதையின் அந்தப் பகுதியைக் கொண்டாடும் இடத்தில் பட்டுப்புடவையும் மாங்கனியும் அவருக்குப் பொருத்தமே. சுவரில் கதையைத் தொடர் ஓவியமாக வரைந்தால் முதல் காட்சிகளில் புனிதவதியை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் வரையுங்கள். நாயன்மார் வரிசையில் இருப்பவர் பேயார். அங்கே அவர் கணவன் வீட்டை விட்டு, அழகை விட்டு, தலையால் கயிலை ஏறி, திருவாலங்காட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்.

படித்த அன்பர் ஒருவர் என்னிடம் அம்மையாரின் வெண்பாவையே எடுத்துக் காட்டினார். "எக்கோலத்து எவ்வுருவாய் எத்தவங்கள் செய்வார்க்கும் அக்கோலத்து அவ்வுருவே ஆம்." எந்த உருவில் நினைத்தாலும் சரி என்று அவரே சொல்லிவிட்டாரே, பிறகு என்ன என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் அதிலேயே இருந்தேன். அந்த வெண்பா இறைவனைப் பற்றியது. அவனுக்கு உருவம் இல்லை, அதனால் அடியார் நினைக்கும் உருவத்தில் வருகிறான். அம்மையார் நிலைமை வேறு. அவருக்கு ஓர் உருவம் இருந்தது, அதை மறுத்தார், இன்னொன்றைக் கேட்டு வாங்கினார். தன் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அதை மாற்றும் உரிமையை அந்த வெண்பா நமக்குத் தரவில்லை.

நான் உங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. குடமுழுக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. நின்ற கோலத்தில் இருக்கும் அந்தத் திருமேனியை வீணாக்க வேண்டாம், மாங்கனிக் கதை சொல்லும் இடமாக முன்மண்டபத்தில் வைக்கலாம். வரிசையில் அமர்ந்த கோலத்தில், கையில் தாளத்தோடு, பதிகத்தின் முதல் பாட்டைப் படித்த ஒருவர் கையால் அம்மையாரைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு உபயம் கிடைக்கவில்லை என்றால் என் ஓய்வூதியத்திலிருந்து தவணையாகக் கட்டுகிறேன். ஓவியம் வேண்டும் என்றால், 26 வருடத்தில் என் மாணவிகள் வரைந்தவற்றில் நான் பத்திரப்படுத்தியவை ஒரு கட்டு இருக்கிறது. பழைய அம்மையாரை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்தவை. ஸ்தபதியிடம் கொடுக்கிறேன். பீடத்தில் பெயர் வெட்டும்போது "காரைக்கால் அம்மையார்" என்பதற்குக் கீழே "பேயார்" என்றும் வெட்டச் சொல்லுங்கள்.

பழைய திருமேனியை முதலில் நிமிர்த்தி வையுங்கள். இதற்கு மட்டும் கூட்டம் போட்டு முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மழைக்காலம் வருகிறது, முகம் மண்ணில் இருக்கிறது. மடைப்பள்ளிக்குப் பின்னால் ஓடு போட்ட தாழ்வாரம் காலியாக இருக்கிறது, அங்கே சுவரில் சாய்த்து உட்காரவைத்தால் போதும். கல் கனம், நான்கு ஆள் வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் பழைய மாணவிகள் மூன்று பேர் கயிறோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நந்தவனத்தின் சாவி உங்களிடம் இருக்கிறது. திறந்து வைத்தீர்கள் என்றால் போதும்.

அன்புடன்,
அம்மையார் சன்னிதிக்குச் செவ்வாய்தோறும் வரும் ஓவிய ஆசிரியை